மாட்டு டாக்டருக்கு எதற்குச் சாணி அள்ளும் வேலை?

கால்நடைப் படிப்பு பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் இரண்டே வரி போட்டிருந்தார்கள். ஒரு துணிப்பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. பாதிக்கு மேல் கட்-ஆஃப் எவ்வளவு என்று மட்டும் கேட்டவை. அவற்றுக்கு நான் வேண்டாம், கலந்தாய்வுக் கையேடு போதும். மற்றவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். 31 வருடம் பண்ணை மேலாண்மைப் பாடம் நடத்தியவன் என்பதால் என் பதில்களில் தொழுவத்து வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். பி.வி.எஸ்சி. கிடைத்துவிடும் போலிருக்கிறது. அப்பாவோ, “போயும் போயும் மாட்டாஸ்பத்திரிப் படிப்பா? இன்னொரு வருடம் நீட் எழுது” என்கிறார். எனக்கும் ரத்தம் என்றால் கொஞ்சம் பயம். சேரலாமா?
*(மாணவி, அரூர்)*

அப்பாவிடம் முதலில் படிப்பின் பெயரை முழுதாகச் சொல்லிக் காட்டு கண்ணு. பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.எச். எல்லாரும் முன்பாதியைச் சொல்லிவிட்டு அந்த ‘ஏ.எச்.’சை விழுங்கிவிடுகிறார்கள். அனிமல் ஹஸ்பண்டரி, அதாவது கால்நடைப் பராமரிப்பு. நோய் வந்த மாட்டைப் பார்ப்பது ஒரு பாதி என்றால், நோய் வராத மாட்டை அப்படியே வைத்திருப்பது இன்னொரு பாதி. மாட்டாஸ்பத்திரி என்று அப்பா சொல்வது முதல் பாதியை மட்டும்.

நாலரை வருடப் பாடம், ஒரு வருடம் உள்ளுறைப் பயிற்சி, ஆக ஐந்தரை வருடம். வேப்பேரிக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. நாமக்கல் கல்லூரி 1985-இல் வந்தது. 1989-இல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் ஆனபோது நாட்டிலேயே அதுதான் முதல். அப்புறம் திருநெல்வேலி, ஒரத்தநாடு, சேலம் தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை என்று இப்போது ஏழு கல்லூரிகள். முடித்தால் அரசுப் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாகக் கால்நடை உதவி மருத்துவர் தேர்வு இருக்கிறது. வங்கி, பால் கூட்டுறவு, கோழி நிறுவனங்கள், உயிரியல் பூங்கா, ராணுவத்தின் கால்நடைப் பிரிவு என்று வேறு வாசல்களும் உண்டு.

ரத்தத்தைப் பற்றி இப்போதே கவலைப்படாதே. முதல் வருடத்தில் ரத்தமே அதிகம் பார்க்க மாட்டாய். உடற்கூறு வகுப்பில் ஃபார்மலினில் ஊறிய உடலைத்தான் அறுப்பீர்கள். உன்னைப் படுத்தப்போவது அந்த வாடைதான். எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் நிற்கும். மதியம் சாம்பார் சாதத்தைப் பிசையும்போது மூக்கில் ஏறும். என் வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு மாதம் கரண்டியால் சாப்பிட்டான். அதற்குப் பிறகு பழகிவிட்டது, எல்லாருக்கும் பழகிவிடும்.

சேர். ஆனால் ஒரு நிபந்தனை. நீட் கிடைக்காத கோபத்தோடு சேராதே. அப்படி வந்த பிள்ளைகளை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வருடம் வரை மாட்டின் முகத்தையே பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: மகனுக்கு உயிரியலில் மதிப்பெண் குறைவு, கணக்கில் நன்றாக எடுத்திருக்கிறான். கால்நடைத் துறையில் வேறு பட்டப்படிப்பு உண்டா? நீட் தேவையா?
*(ஒரு தந்தை, கும்பகோணம்)*

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். பி.வி.எஸ்சி.யில் மாநிலத்துக்கான இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட்.

கால்நடைப் பல்கலைக்கழகத்திலேயே பி.டெக். படிப்புகள் மூன்று இருக்கின்றன. உணவுத் தொழில்நுட்பமும் பால்வளத் தொழில்நுட்பமும் சென்னைக்கு வெளியே கொடுவள்ளியில். கோழியினத் தொழில்நுட்பம் ஓசூர் மத்திகிரியில். நான்கு வருடம், கணக்கு படித்திருக்க வேண்டும். கோழிப் படிப்பு என்றதும் சிரிக்காதீர்கள் ஐயா. முட்டைக்கோழி ஒன்று ஒரு நாளைக்குத் தின்னும் தீவனம் ஏறக்குறைய 110 கிராம். நாமக்கல் பக்கம் ஒரு லட்சம் கோழி வைத்திருப்பவரைப் பெரிய பண்ணைக்காரர் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். அவருக்குத் தினம் 11 டன் தீவனம் வேண்டும். தீவனத் தொட்டியை ஒரு அங்குலம் தப்பாக மாட்டி, கோழி ஒன்றுக்கு 5 கிராம் கீழே சிந்தினால் நாள் ஒன்றுக்கு 500 கிலோ குப்பையில் போகும். இதைக் கண்டுபிடிக்க ஸ்டெதஸ்கோப் உதவாது, கணக்கு தெரிந்த பையன் வேண்டும். உங்கள் மகனுக்கு ஏற்ற இடம்தான்.

ஒன்றை மட்டும் அவனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பி.டெக். முடித்தவர் கால்நடை மருத்துவர் ஆக முடியாது, வைத்தியம் பார்க்கவும் கூடாது. அதற்குக் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்று, கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், அது 1984-இல் வந்த சட்டம்.

கேள்வி: முதல் வருட மாணவன். காலை ஆறு மணிக்குப் பண்ணைக்குப் போகச் சொல்கிறார்கள். சாணி அள்ளுகிறோம், தொட்டி கழுவுகிறோம், பதிவேடு எழுதுகிறோம். டாக்டருக்குப் படிக்க வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு? சீனியர்கள் “பண்ணைப் பாடம் சும்மா, பாஸ் ஆனால் போதும்” என்கிறார்கள்.
*(பெயர் வேண்டாம் என்கிறார், கல்லூரியையும் நானே விட்டுவிடுகிறேன்)*

தம்பி, நீ அள்ளும் சாணியைப் பார்த்திருக்கிறாயா? அள்ளியிருக்கிறாய் என்று தெரியும், பார்த்தாயா என்றுதான் கேட்கிறேன். நாளைக் காலை மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு நிமிடம் நில். நல்ல மாட்டுச் சாணி ‘சொத்’தென்று விழுந்து, இரண்டு விரல் கனத்துக்குப் பரவி, நடுவில் லேசாகக் குழிந்து நிற்கும், கல்லில் ஊற்றிய ஊத்தப்பம் மாதிரி. தண்ணியாகத் தெறித்து நுரைத்திருந்தால் அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு) அதிகம், நார் குறைவு. உருண்டை உருண்டையாக அடுக்கி நின்றால் தண்ணீர் போதவில்லை அல்லது வெறும் வைக்கோலில் ஓடுகிறது. முழு மக்காச்சோளம் மின்னினால் அரவை சரியில்லை, முதலாளி காசு சாணியில் கிடக்கிறது. சளி கலந்திருந்தால் குடலில் ஏதோ கோளாறு. மாடு வாய் திறந்து சொல்லாததையெல்லாம் சாணி சொல்லிவிடும், அதுவும் காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பே.

அப்புறம் நிமிர்ந்து மந்தையைப் பார். படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோட வேண்டும். ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு கவளத்துக்கு எத்தனை மெல்லல் என்று எண்ணு. ஐம்பது, அறுபது வரும். முப்பதிலேயே விழுங்கினால் தீவனத்தைப் போய்ப் பார்.

பதிவேடு என்றாயே, அதற்கு ஒரு கதை சொல்கிறேன். நான் பெருமைப்படும் கதை இல்லை. மாணவனாக இருந்தபோது ஒரு பண்ணையில் எனக்கு இரவுமுறை. ஜெர்சிக் கலப்பு ஒன்று, முதல் ஈத்து, நாள் நெருங்கிவிட்டது. மடி விம்மி, வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. இரண்டு மணிக்குப் பார்த்தேன், தண்ணீர்க் குடம் வரவில்லை. சரி, கால் மணி நேரம் என்று தவிட்டு மூட்டைமேல் சாய்ந்தேன். பால் கறக்க வந்தவர் உலுக்கி எழுப்பும்போது மணி ஐந்து தாண்டிவிட்டது. கன்று ஒரு மூலையில் கிடக்கிறது. மேல் ஈரம் முழுக்கக் காய்ந்துவிட்டது, போட்டு வெகு நேரம் ஆகியிருக்கும். தலைச்சன் மாடு, நக்கத் தெரியாமல் மிரண்டு தள்ளி நிற்கிறது. நான் தூங்கியது தெரிந்துவிடுமே என்று பதிவேட்டில் ‘கன்று ஈன்ற நேரம் 5.10’ என்று எழுதினேன்.

மேற்பார்வையாளர் வந்து பதிவேட்டைப் பார்த்தார். இப்போதுதானே போட்டிருக்கிறது, மாடு கொஞ்சம் அமைதியாகட்டும், மற்றக் கறவை முடியட்டும் என்றார். சீம்பால் ஊட்டும்போது ஏழரை மணி.

மனிதக் குழந்தை தாய் வயிற்றிலேயே நோய் எதிர்ப்புச் சக்தியை வாங்கிக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. நஞ்சுக்கொடி வழியாக அது போகாது. சீம்பாலில்தான் வர வேண்டும். அந்தச் சக்தியை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் வழி கன்றின் குடலில் பிறந்த நிமிடத்திலிருந்தே மூடத் தொடங்கி, ஒரு நாளில் அடைத்துவிடும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டு, முதல் நாளில் கன்று எடையில் பத்தில் ஒரு பங்கு ஊட்டு என்று உனக்குப் பாடத்தில் வரும். அந்தக் கன்றுக்கு ஐந்தாம் நாள் வெள்ளைக் கழிச்சல். ஏழாம் நாள் போய்விட்டது. சீம்பால் தாமதத்தால்தான் செத்தது என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் 5.10 என்று எழுதியது நான். கிடேரிக் கன்று வேறு. அந்தப் பதிவேடு எங்காவது பரணில் இருந்தால் இன்றும் அதில் 5.10 என்றுதான் இருக்கும்.

உன் சீனியர்களுக்கும் இதைப் படித்துக் காட்டு.

கேள்வி: பேரன் கால்நடைக் கல்லூரியில் படிக்கிறான். மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், “மாட்டுக்குப் பொங்கல் வைக்காதே பாட்டி, செத்துப்போகும்” என்று பானையைப் பிடுங்கிக்கொண்டான். தலைமுறை தலைமுறையாக வைக்கிறோம். இப்படித்தான் படிக்க வைக்கிறார்களா?
*(வாசகி, மன்னார்குடி)*

அம்மா, பானையைப் பிடுங்கியது தப்பு. சொன்னது சரி. தை மாதம் மூன்றாம் தேதி, நான்காம் தேதி எந்தக் கால்நடை மருந்தகத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், பொங்கல் தின்ற மாடுகள்தான் அதிகம் நிற்கும். கல்யாண வீட்டு மிச்சச் சோறு தின்றவை அடுத்தபடி.

மாட்டின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டி. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் புளிக்கவைத்துக்கொண்டிருக்கின்றன. மாடு உண்மையில் அவற்றை வளர்த்து, அவை தயாரித்துக் கொடுப்பதைத்தான் சாப்பிடுகிறது. திடீரென்று நாலு படி வெந்த சோறும் வெல்லமும் உள்ளே விழுந்தால், மாவுச்சத்தைத் தின்னும் கூட்டம் மட்டும் கண்டபடி பெருகி அமிலத்தைக் கக்கும். நீங்கள் இட்லி மாவை வெயிலில் மறந்து வைத்தால் பொங்கி வழியுமே, அந்தப் புளிப்பு. புல் தின்னும் நுண்ணுயிர்கள் அதில் செத்துவிடும். மாடு அசைபோடாது, பல்லைக் கடிக்கும், கால் தள்ளாடும், புளித்த வாடையோடு கழியும். அளவு மீறினால் பேரன் சொன்னதுதான் நடக்கும்.

அதற்காகச் சாமி கும்பிடுவதை யார் நிறுத்தச் சொன்னார்? ஒரு கைப்பிடி, வாழையிலையோடு. பத்து வீட்டுக்காரர் வந்து ஆளுக்கு ஒரு கை ஊட்டுகிறார்கள் என்றால் அதை எண்ணிக்கொள்ளுங்கள். மாட்டுக்கு வேண்டியது நிறையப் பசும்புல்தான்.

ஒருவேளை தின்றுவிட்டால் 1962-க்குப் போன் செய்யுங்கள், நடமாடும் கால்நடை ஊர்தி வரும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நாக்கை இழுத்துப் பிடித்து எண்ணெயோ சோடாவோ ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் வயிற்றுக் கோளாறோடு நிற்காது.

பேரனை ஒன்றும் சொல்லாதீர்கள். நன்றாகத்தான் படிக்கிறான்.

கேள்வி: பெங்களூரில் ஐ.டி. வேலை, 36 வயது. திருச்செங்கோடு பக்கம் ஆறு ஏக்கர் இருக்கிறது. 50 மாடுகளோடு பண்ணை தொடங்க ஆசை. முறையாகப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் தொடங்கலாமா?
*(வாசகர், பெங்களூரு)*

உங்களுக்குப் பட்டம் வேண்டாம். ஐந்தரை வருடத்துக்கு வீட்டில் சம்மதிக்கவும் மாட்டார்கள். கால்நடைப் பல்கலைக்கழகத்துக்குப் பல மாவட்டங்களில் பயிற்சி மையங்கள் உண்டு, வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கறவைமாடு வளர்ப்புப் பயிற்சி தருகிறார்கள். நாமக்கல் கல்லூரி உங்களுக்குக் கூப்பிடு தூரம். போய்ச் சேருங்கள். ஆனால் அதற்கும் முன்னால், உங்கள் ஊரிலேயே பத்து மாடு வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு மாதம் கறவைக்குப் போங்கள். கூலி கேட்காதீர்கள்.

கறவை தெரியாத பண்ணை முதலாளி கறவைக்காரர் லீவு போட்டால் அழுவார். நம் ஊரில் பலர் கட்டைவிரலை மடக்கிக் காம்பை அதில் வைத்து நசுக்குவார்கள். வேகமாக வரும், காம்பின் உட்புறம் புண்ணாகும், மடிநோய்க்கு வாசல் திறந்துவிடும். ஐந்து விரலாலும் காம்பை முழுதாகப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு விரலாக மூட வேண்டும். முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுத் திரி திரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மடியைக் கழுவியதும் பால் இறங்கும், ஏழெட்டு நிமிடத்தில் அந்த வேகம் அடங்கிவிடும். நடுவில் போன் வந்தால் எடுக்கக் கூடாது. முதல் வாரம் முன்கை வீங்கும். இரவில் சோறு பிசைய முடியாது. மூன்றாவது வாரம் பாத்திரத்தில் நுரை கட்டும் சத்தம் கேட்கும்போது தெரியும், இந்தத் தொழில் உங்களுக்கா இல்லையா என்று.

அப்புறம் அந்த 50. வேண்டவே வேண்டாம். தீவனப்புல் நட்டு அது அறுப்புக்கு வந்தபின் ஐந்து மாடு வாங்குங்கள். ஐந்தையும் ஒரே நாளில் வாங்காதீர்கள், எல்லாம் ஒன்றாகக் கறந்து ஒன்றாக வற்றும். மூன்று முதலில், ஐந்தாறு மாதம் கழித்து இரண்டு. பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, பாலுக்கு இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் நாலு கிலோ, ஆக ஐந்தரைக் கிலோ அடர்தீவனம். இதை உங்கள் ஊர் மூட்டை விலையில் போட்டுப் பாருங்கள், பால் விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். பசுந்தீவனத்தைக் காசு கொடுத்து வாங்கினால் என்ன மிஞ்சும் என்று ஒரே தாளில் தெரிந்துவிடும்.

இன்னொன்று. 21 நாளுக்கு ஒருமுறை மாடு சினைப்பருவத்துக்கு வரும். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த 21 நாள் தீவனம் தண்டம். கலப்பின மாடு பல சமயம் இரவில்தான் பருவத்தைக் காட்டும். பெங்களூரிலிருந்து சிசிடிவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை இருக்குமே உங்களுக்கு? எனக்குத் தெரியும். எல்லாருக்கும் இருக்கும்.

கேள்வி: சுழி பார்த்து மாடு வாங்குவது பற்றிப் பல்கலைக்கழகத்தில் சொல்லித்தருவார்களா?
*(வாசகர், சிவகிரி)*

மாட்டார்கள். பல் பார்க்கச் சொல்லித்தருவார்கள். கீழ்த்தாடையில்தான் பார்க்க வேண்டும், மாட்டுக்கு மேலே முன்பல்லே கிடையாது. புதுப் பிள்ளைகள் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பல் கொட்டிப்போச்சு சார் என்று ஓடிவருவது வருடா வருடம் நடக்கும். இரண்டு பல் போட்டிருந்தால் வயது சுமார் இரண்டு, எட்டும் சேர்ந்துவிட்டால் நாலரை, ஐந்து.

மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி சொல்லும் இந்தச் சுழியை நான் நம்புவதில்லை. ஆனால் சந்தை நம்புகிறது. என் அப்பா, பாடைச்சுழி, வீட்டுக்கு ஆகாது என்று மற்றவர்கள் ஒதுக்கிய மாடுகளாகத் தேடிப் போய், முக்கால் விலைக்குப் பிடித்து வருவார். அதில் ஒன்று எங்கள் வீட்டில் ஒன்பது ஈத்துக் கறந்தது. அதை விற்கும்போது மட்டும் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

கேள்வி: மகள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேரப் போகிறாள். விடுதிக்கு என்னென்ன வாங்கி அனுப்பலாம்?
*(ஒரு தாய், பரமக்குடி)*

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. காலுக்குச் சரியான அளவாக வாங்குங்கள், வளர்வாள் என்று பெரிதாக வாங்கினால் சேற்றில் பூட்ஸ் நிற்கும், கால் மட்டும் வெளியே வரும். கெட்டியான பருத்தி உடை இரண்டு, பழையதாக இருந்தால் நல்லது. கையடக்க டார்ச் ஒன்று. தலையை முழுக்கக் கட்ட ஒரு துண்டு, பிண்ணாக்குத் தூசி முடியில் ஏறினால் போகாது. ஒரு தெர்மாமீட்டர். வளையலும் மோதிரமும் வீட்டிலேயே இருக்கட்டும், மாட்டின் உள்ளே கைவிட்டுச் சினை பார்க்கும் வகுப்பு ஒருநாள் வரும். நகத்தையும் வெட்டிவிட்டு அனுப்புங்கள்.

முதல் லீவுக்கு வரும்போது பையைத் துவைக்காமல் கொண்டுவருவாள். வாசலிலேயே வாங்கி வெயிலில் போட்டுவிடுங்கள்.